ஆர்வத்தைக் குறைக்கும் ஆறு வாரங்கள்

நான்காம் ஆண்டு வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பதினொரு பேருக்கும் அறிவியல் பிடித்திருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சுங்கை தெராத்தாய் தோட்டப் பள்ளி, மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகும் சாலையை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு மாணவர்கள். அங்கே அறிவியல் சொல்லிக்கொடுத்த பிரேமலாவுக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. பாடநூலில் உணவுச் சங்கிலியைக் காட்ட ஒரு நரியின் படம் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் நரியைப் பார்த்ததில்லை. ஆந்தையைப் பார்த்திருந்தார்கள். எலியை ஒழிப்பதற்காகத் தோட்ட நிர்வாகம் செம்பனை வரிசைகளில் இரும்புக் குழாய் நட்டு, அதன்மேல் ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிரேமலா பிள்ளைகளை அந்தப் பெட்டிக்குக் கீழே கூட்டிப் போனாள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் கறுப்பு உருண்டையாகக் கக்கிவிடும். தரையில் முப்பது நாற்பது உருண்டைகள் கிடந்தன. அள்ளிக்கொண்டு வந்து ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, பழைய நாளிதழை விரித்து, பல்குச்சியால் பிரித்தார்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள்.

அன்பரசிக்குக் கிடைத்த உருண்டையில் மூன்று மண்டையோடுகள் இருந்தன. அவளுக்குப் பத்து வயது. செகிஞ்சான் மீன் துறையில் மீன் பிரிக்கும் நவமணியின் மகள்.

"டீச்சர், மூணு தலை இருக்கு. அப்ப காலு பன்னெண்டு வரணும். பத்துத்தான் வருது."

"நல்லா எண்ணுனியா?"

"மூணு தடவை எண்ணிட்டேன். ஒன்னு, அந்த ரெண்டு காலும் ஆந்தை வயித்துலயே கரைஞ்சிருக்கணும். இல்லன்னா ஒரு எலி முன்னாடியே நொண்டி. நொண்டி எலிதான் லேசா மாட்டும் இல்ல?"

பிரேமலாவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். அன்பரசி ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போகாமல் இன்னும் நாலு உருண்டைகளைப் பிரித்தாள்.

அந்த வகுப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். உணவுச் சங்கிலி கேள்விக்குப் பதினொரு பேரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். நரியைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

ஷா ஆலமில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் 'செயல்வழி அறிவியல் ஊக்குவிப்பு மையம்' என்று ஒன்று இருந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியலைக் கையால் தொட்டுப் படிக்க வேண்டும், அதனால் அவர்களிடம் அறிவியல்மீது நல்ல மனப்பான்மை வளர வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் யாரும் அந்த மாடிக்கு வந்ததில்லை. மின்தூக்கியில் ஏற அட்டை வேண்டும்.

அந்த மையம் அவ்வாண்டு இருபது சிறிய பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவியல் பெட்டி தருவதாக அறிவித்தது. பெட்டி வருமுன் ஓர் ஆய்வு, வந்தபின் ஓர் ஆய்வு. இருபது கேள்விகள். ஒன்று என்றால் அறவே பிடிக்காது, ஐந்து என்றால் மிகவும் பிடிக்கும். பிரேமலா தாள்களைக் கொடுத்தாள், பிள்ளைகள் வட்டம் போட்டார்கள், அவள் கணினியில் பதிந்து அனுப்பினாள். சராசரி நாலு புள்ளி ஒன்பது.

மூன்றாம் நாள் மையத்தின் துணை இயக்குநர் தயாளன் நேரிலேயே வந்துவிட்டார். தலைமையாசிரியர் கணேஸ்வரன் வாசலுக்கு ஓடினார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. மையத்திலிருந்து தொலைபேசி வந்தாலே எழுந்து நின்றுகொண்டு பேசுகிறவர்.

"நாலு புள்ளி ஒன்பது," என்றார் தயாளன், மருத்துவர் நோயின் பெயரைச் சொல்கிற குரலில்.

"நல்லதுதானே சார்?" என்றாள் பிரேமலா.

"டீச்சர், எங்கள் திட்டம் மனப்பான்மையைக் குறைந்தது ஒரு புள்ளி உயர்த்த வேண்டும். அளவுகோல் ஐந்தோடு முடிகிறது. உங்கள் மாணவர்களை உயர்த்தினால் ஐந்து புள்ளி ஒன்பது வரும். அந்த எண்ணை எங்கள் மென்பொருள் ஏற்காது."

"அப்ப எங்களுக்கு வேணாம் சார். தேவைப்படுற ஸ்கூலுக்குக் கொடுங்க."

"தேவைப்படாத பள்ளி என்று எங்கள் பட்டியலில் ஒன்று இருக்க முடியாது. ஒன்று இருந்தால், நாளைக்கு எங்களையே தேவையா என்று கேட்பார்கள்."

அவர் எழுந்து வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்க மேசையில் நாளிதழ்மேல் எலும்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிள்ளைகளின் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு.

"இது எந்தப் பயிற்சித் தொகுப்பு?"

"ஆந்தை கக்குனது சார்."

"அந்த ஆந்தைக்கு அங்கீகாரம் உண்டா?"

பிரேமலா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உண்மையாகத்தான் கேட்டார். டேப்லெட்டில் எழுதுவதற்கு விரலைத் தயாராக வைத்திருந்தார்.

"இல்ல சார்."

"அங்கீகாரம் இல்லாத செயல்பாட்டால் உயர்ந்த மனப்பான்மையை நாங்கள் மனப்பான்மை என்று கொள்வதில்லை. அது வெறும் சந்தோஷம். சந்தோஷத்துக்கு எங்கள் மதிப்பீட்டுப் பாரத்தில் கட்டம் இல்லை."

பிறகு அவர் ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்தார். தலைப்பு: அடிநிலைப்படுத்தல். முன்னாய்வை மறுபடி எடுப்பதற்கு முன்பாக ஆறு வாரங்களுக்கு மாணவர்களை இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இயல்பு நிலை என்றால் என்ன என்பதையும் விளக்கியிருந்தார்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், மாணவர் பார்த்தெழுதுவார். எதையும் தொடக் கூடாது. வெளியே போகக் கூடாது. மாணவர் கேள்வி கேட்டால் பாடநூலின் பக்க எண்ணை மட்டும் கூறுக.

பிரேமலா சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் கொடுக்கிறார் என்று நினைத்தாள். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சதைப் பிடிக்காம பண்ணிட்டு, அப்புறம் நீங்க வந்து பிடிக்க வைப்பீங்களா சார்?"

"நீங்கள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள்," என்றார் தயாளன். "மற்றப் பள்ளிகளில் இதை விளக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது."

அவர் கார் கிளம்பிய பிறகு கணேஸ்வரன் நடைபாதையில் மெல்லப் பேசினார். "அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு மூணே பேருதான் பதிஞ்சிருக்காங்க டீச்சர். ஒத்துழைக்காத பள்ளின்னு இவங்க ஒரு வரி எழுதினா போதும், நம்ம பள்ளிய மூடி வேற பள்ளியோட சேத்துடுவாங்க லா. அப்புறம் இந்தப் பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து பஸ் ஏறணும். ஆறு வாரந்தானே."

பிரேமலா ஒத்துக்கொண்டாள். ஆறு வாரம்தானே என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல்லுக்காக அவள் பின்னால் தன்னை மன்னிக்கவே இல்லை.

முதல் வாரம் பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். எலும்பு மேசை காலியாக இருந்ததைப் பார்த்து, டீச்சர் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று அலமாரிக்குள் தேடினார்கள். பிரேமலா பலகையில் எழுதினாள். அவர்கள் பார்த்தெழுதினார்கள். புவனேசன் மட்டும், "எப்ப டீச்சர் வெளிய போவோம்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டான்.

இரண்டாம் வாரம் அன்பரசி ஒரு மைலோ டின்னோடு வந்தாள். உள்ளே ஒரு பல்லி வால்.

"டீச்சர், வாலு அறுந்தா பல்லிக்கு வலிக்குமா? வலிச்சா அது ஏன் கத்தல?"

வகுப்பின் கடைசி மேசையில் மையத்திலிருந்து வந்த கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். வாரம் ஒருவர் வந்தார்கள்.

"பக்கம் நாற்பத்திரண்டு," என்றாள் பிரேமலா.

அன்பரசி போய்ப் புரட்டினாள். நாற்பத்திரண்டில் பல்லியின் படம் இருந்தது. எதிரியிடமிருந்து தப்ப வாலைத் துண்டிக்கும் என்று ஒரு வரி இருந்தது. அவள் திரும்பி வந்தாள்.

"வலிக்குமான்னு அதுல இல்ல டீச்சர்."

"பக்கம் நாற்பத்து மூன்று."

நாற்பத்து மூன்றில் ஒளிச்சேர்க்கை இருந்தது. அன்பரசி அதை முழுசாகப் படித்தாள். பச்சையம், சூரிய ஒளி, நீர் என்று கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்தாள், எங்கேயாவது பல்லி வந்துவிடும் என்று. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு டின்னை மேசைக்கடியில் தள்ளி வைத்தாள்.

கண்காணிப்பாளர் தன் பாரத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார்.

மூன்றாம் வாரம் அவள் டின் கொண்டுவரவில்லை. நாலாம் வாரம் புவனேசன் கேட்பதை நிறுத்தினான். ஐந்தாம் வாரம் அறிவியல் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகக் கழிப்பறைக்கு அனுமதி கேட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இருபது கேள்வித் தாள் கொடுக்கப்பட்டது. நாலு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி நாலு. இரண்டு புள்ளி ஆறு. ஒவ்வொரு முறையும் தயாளனிடமிருந்து கைதட்டும் படங்களோடு வாட்சப் வந்தது. ஆறாம் வாரம் ஒன்று புள்ளி எட்டு. இருபது பள்ளிகளிலும் இதுவே ஆகச் சிறந்த வீழ்ச்சி என்று மையத்தின் வாட்சப் குழுவில் அறிவித்து, பிரேமலாவின் படத்தைப் போட்டார்கள்.

நவமணி பள்ளிக்கு வந்தது அந்த வாரத்தில்தான். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். ரப்பர் பூட்சைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், செவ்வாய்க்கெழம ஆனா எம் பொண்ணுக்கு வயித்து வலி. கிளினிக்குல ஒன்னும் இல்லேங்கறாங்க. செவ்வாய்க்கெழம என்னா இருக்கு இங்க?"

"அறிவியல்."

"அது அவளுக்கு உசிரு ஆச்சே. எங்க வீட்டு ஃபிரிட்ஜில மீன் குடல டப்பாவுல போட்டு வச்சிருந்தவ. நான் கத்துனாலும் எடுக்க மாட்டா. போன வாரம் அவளே தூக்கி வெளிய வீசிட்டா. நான் ஒன்னும் சொல்லல டீச்சர். அவளே வீசிட்டா."

பிரேமலா எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றறிக்கை, நாலு புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி எட்டு, பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயம் எல்லாவற்றையும். நவமணி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நீங்க வேணும்னே செய்றீங்க."

"ஆமா."

"நான் மீன் பிரிக்கிறவ டீச்சர். கெட்ட மீனை நல்ல மீனுன்னு சொல்லச் சொல்லி எங்கிட்ட கேட்டிருக்காங்க. நல்ல மீனைக் கெட வச்சிட்டு, அப்புறம் அதுமேல ஐஸ் போட்டுக் காட்டுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவள் போய்விட்டாள். பிரேமலா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அடுத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கையால் தொட்டுக் கற்பிப்பது எப்படி என்று கிள்ளானில் ஒரு விடுதியில் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார்கள். திரையில் இருநூற்றுப் பதினாலு படவில்லைகள் ஓடின. முதல் நாள் மதியம் திரையில் ஒரு காந்தம் வந்தது. கையை உயர்த்திய பிரேமலா, ஒரு காந்தத்தை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். பயிற்றுநர் அவளை அன்போடு பார்த்தார்.

"டீச்சர், இப்போது திரையில் இருப்பதுதான் காந்தம்."

மாலையில் எல்லாருக்கும், கையால் செய்து கற்கும் முறையில் தேர்ச்சி பெற்றதாகச் சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழைத் தவிர வேறு எதையும் அந்த இரண்டு நாளில் யாரும் கையால் தொடவில்லை.

பெட்டி பள்ளிக்கு வந்து பதினேழு நாள் கணேஸ்வரனின் அறையில் சிவப்பு ரிப்பனோடு கிடந்தது. டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைக்கும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு. தொடக்க விழாவுக்கு முந்திய நாள் தயாளன் இரண்டு அதிகாரிகளோடு வந்து ஒத்திகை நடத்தினார். பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் கையுறையும் மாட்டினார்கள். கையுறை பெரியவர்கள் அளவு. விரல் முடிந்தபின்னும் இரண்டு அங்குலம் தொங்கியது. ஒரு மாணவருக்குப் பொருள் தொடுகை நேரம் நாற்பது வினாடி. இருபதாம் வினாடியில் ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியம் என்றால் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஓர் அதிகாரி திறந்து காட்டினார்.

"எனக்கு இதுல ஒன்னும் ஆச்சரியமா இல்ல," என்றான் புவனேசன்.

"அதற்குத்தான் ஒத்திகை," என்றார் தயாளன்.

மறுநாள் டத்தோ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து ரிப்பனை வெட்டினார். பெட்டிக்குள் காந்தம், கம்பி, குட்டிக் குட்டி மின்விளக்குகள் இருந்தன. பாதுகாப்புக் கருதி மின்கலம் வைக்கவில்லை. விளக்கு எரியாவிட்டால் படம் சரியாக வராது என்பதால் ஓர் அதிகாரி மேசைக்கடியில் குனிந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார். பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். படம் எடுத்தார்கள். அடுத்த பிள்ளை.

டத்தோ பேசினார். "பிள்ளைகளே, அறிவியலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் உங்கள் வயதில் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதினேன். அதனால்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். இந்தப் பெட்டி விலை உயர்ந்தது. பத்து ஆண்டு ஆனாலும் இதே புதுசாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, யாரும் இதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான். தலைமையாசிரியர் அதை உறுதி செய்வார் என்று நம்புகிறேன்."

கணேஸ்வரன் எழுந்து நின்று தலையாட்டினார்.

டத்தோ இறங்கி வந்து முன்வரிசையில் நின்ற அன்பரசியின் தலையைத் தடவினார். "அறிவியல் பிடிக்குமா உனக்கு?"

அன்பரசி அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தயாளனைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எந்த நம்பர் சார் சொல்லணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்றார் டத்தோ. பிரேமலா வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னாய்வில் சராசரி மூன்று புள்ளி ஒன்று வந்தது. ஒன்று புள்ளி எட்டிலிருந்து ஒன்று புள்ளி மூன்று உயர்வு. பெட்டியைப் பூட்டி, பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஷா ஆலமில் நிறைவு விழா நடந்தது. சிறந்த செயல்வழி ஆசிரியை விருதுக்குப் பிரேமலாவைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். மையம் நன்றியுரை ஒன்றை எழுதியே கொடுத்திருந்தது. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்க பிள்ளைங்களோட மதிப்பு முதல்ல நாலு புள்ளி ஒன்பது," என்றாள். "உங்க பெட்டி வர்றதுக்கு முன்னாடி. உங்க உத்தரவுல நான் அதை ஒன்று புள்ளி எட்டுக்குக் கொண்டு வந்தேன். இப்ப மூன்று புள்ளி ஒன்று. நாலு புள்ளி ஒன்பதுல இருந்து மூன்று புள்ளி ஒன்று. இதுக்குப் பேரு உயர்வு இல்ல. ஒரு பிள்ளை கேள்வி கேக்கறதையே நிறுத்திடுச்சு. நிறுத்தினது நான். நிறுத்தச் சொன்னது நீங்க. இந்த விருது எனக்கு வேணாம்."

தயாளன் ஒலிவாங்கியை வாங்கினார்.

"ஆசிரியை நெகிழ்ச்சியில் இருக்கிறார். ஒரு சிறு விளக்கம். முன்னாய்வுக்கு முன்னால் நடந்த ஆய்வு, ஆய்வில் சேராது. அது நம் திட்டம் பிறப்பதற்கு முந்திய காலம்."

கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் கணிதப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்தார். அவருக்கு விருதைப் பற்றிக் கேள்வி இல்லை. மாணவர் ஆர்வத்தை ஆறே வாரத்தில் நாலு புள்ளி ஒன்பதிலிருந்து ஒன்று புள்ளி எட்டுக்குக் கொண்டுவந்த முறையை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். அவர்களும் ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்களாம். அடிநிலை கிடைக்காமல் தவிக்கிறார்களாம். மொழிப் பிரிவினரும் ஒரு படி வேண்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை பிரேமலா யாரிடமும் கேட்காமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனாள். செம்பனை வரிசைக்கு நடுவில் ஓடும் கான் என்னும் வடிகாலில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. தேரை முட்டை சரம் சரமாக மிதந்தது. பதினொரு பேரும் கரையில் வரிசையாக நின்றார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"எடுத்துப் பாருங்க."

ஒருவரும் குனியவில்லை.

"கையுறை இல்லையே டீச்சர்," என்றான் புவனேசன்.

"வேணாம். சும்மா எடு."

"யாரு டீச்சர் படம் எடுக்கறது?"

"படம் இல்ல இன்னிக்கு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் இல்லையென்றால் எதற்கு என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பிரேமலா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். முட்டைச் சரத்தை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினாள். ஒரு பிள்ளை இருபது வரை முணுமுணுப்பாக எண்ணியது. பிறகு பதினொரு வாய்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்குத் திறந்தன.

அவள் அங்கேயே தண்ணீரில் நின்றுகொண்டு அழுதாள். பிள்ளைகளுக்கு அது எந்தப் பயிற்சித் தொகுப்பு என்று தெரியாததால் அசையாமல் நின்றார்கள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை விடாமல் கூட்டிப் போனாள். படமும் பாரமும் மையத்துக்குப் போகவில்லை. ஐந்தாம் வாரம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆதாரம் இல்லாத செயல்பாடு நடந்ததாகக் கருதப்பட மாட்டாது, அப்படிப்பட்ட செயல்பாடுகளை நடத்தியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். நடந்ததாகக் கருதப்படாத ஒன்றை நான் எப்படி நடத்தியிருக்க முடியும் என்று பிரேமலா ஒரே வரியில் பதில் எழுதினாள். அந்தப் பதிலுக்கும் ஒரு கட்டம் இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே அவளைக் கெர்லிங் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

"நான் பேசிப் பார்த்தேன் டீச்சர்," என்றார் கணேஸ்வரன்.

"உக்காந்துகிட்டா, நின்னுகிட்டா?"

கணேஸ்வரன் மறுநாள் அவளுக்கு விடைகொடுக்க வாசல்வரை வந்து நின்றார்.

கெர்லிங்கில் அவளுக்கு அறிவியல் தரவில்லை. நன்னெறிப் பாடம் கொடுத்தார்கள். ஏழு மாதம் போனது. ஒரு புதன்கிழமை ஓய்வு நேரத்தில் கைப்பேசி அடித்தது. தயாளன்.

"டீச்சர், நலமா? தொடராய்வில் ஒரு சிறு இடைஞ்சல். உங்கள் பழைய மாணவர்கள் பத்துப் பேர் கட்டங்களை ஒழுங்காக நிரப்பிவிட்டார்கள். மூன்று புள்ளி ஒன்று. துளிகூட மாறவில்லை, மிக நிலையான பிள்ளைகள். அன்பரசி என்ற மாணவி மட்டும் இருபதையும் காலியாக விட்டிருக்கிறார். கீழே 'பிற கருத்துகள்' என்ற இடத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்."

"என்ன கேள்வி?"

அவர் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படித்தார். "எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கும் கான் ஒவ்வொரு வெயில் காலத்திலும் காய்ந்து வெடித்துவிடும். மழை பெய்த மறுநாளே அதில் மீன் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?"

பிரேமலா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த இடத்தில் இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை," என்றார் தயாளன். "எழுதினால் பதினாலு நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று எங்கள் வாடிக்கையாளர் சாசனத்தில் இருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். மையத்தில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். கூட்டம் போட்டுக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒரு வரி சொன்னால் முடித்துவிடலாம்."

"தோண்டிப் பாக்கச் சொல்லுங்க."

"எதை?"

"கானைத்தான். காய்ஞ்சு கெடக்கறப்ப கைவிட்டுத் தோண்டிப் பாக்கச் சொல்லுங்க. நீங்களும் போகலாம். முப்பத்திரண்டு பேரும் போகலாம்."

மறுமுனையில் தாள்கள் சலசலத்தன. எதையோ புரட்டினார்.

"கையுறையோடா, இல்லாமலா? இரண்டுக்கும் வேறு வேறு பாரம்."

பிரேமலா இணைப்பைத் துண்டித்தாள்.

சனிக்கிழமை காலையில் காரை எடுத்தாள். இரண்டு மணி நேர ஓட்டம். வழி முழுக்க அந்தப் பத்துப் பேர்தான் மனசில் ஓடினார்கள். ஒருவர் பெயரையும் விடாமல் சொல்லிப் பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்றில் அப்படியே நிற்கிற பிள்ளைகள். யாருக்கும் வயிற்று வலி இல்லை, யாருக்கும் கேள்வியும் இல்லை. இதை யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது, எந்தச் சட்டத்தில் இது குற்றம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நவமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரேமலாவைப் பார்த்து வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. முகவாயால் வீட்டுக்குப் பின்புறத்தைக் காட்டினாள்.

"அங்கதான் கெடக்கா. காலையில குடிச்ச தேத்தண்ணியோட சரி."

மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. கான் அடிமண் தெரியக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்பரசி அதற்குள் மண்டியிட்டிருந்தாள். முழங்கைவரை மண். ஏழெட்டு மாதத்தில் நாலு விரல் வளர்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்து குழிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஈர்க்குச்சி நட்டு, அதில் எண் எழுதிய தாளைக் குத்தியிருந்தாள்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. வாய் திறக்கவில்லை.

"சேத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும்னு நெனச்சேன் டீச்சர். அஞ்சு குழி தோண்டிட்டேன், ஒன்னுலயும் இல்ல. ரெண்டாவதுல மட்டும் கீழ ஈரமா இருக்கு. அப்ப இன்னும் ஆழமா இருக்கலாம். இல்லன்னா பெரிய கான்லேர்ந்து புல்லு வழியா ஏறி வருதோ என்னவோ."

தனக்கு விடை தெரியும் என்றுதான் பிரேமலா வரும்போது நினைத்திருந்தாள். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

"உனக்கு எது சரின்னு தோணுது?"

"இன்னும் தெரியல," என்றாள் அன்பரசி, ஆறாவது குழிக்குள் கையை விட்டுக்கொண்டே. "நீங்க அந்தப் பக்கம் தோண்டுங்க."